பின்பக்கத்தில் ஒரு சீல்

14,382. கண்டிக்குத் தெற்கே மலைப்பாதையில் உள்ள ஒரு சிறு பட்டணத்தின் பொது நூலகத்தில், 2026 பெப்ரவரி 10ஆம் திகதி பிற்பகல் மூன்று மணியளவில், ஒரு குடும்பத்தின் பிரஜாவுரிமைப் பத்திரத்துக்கு விழுந்த இலக்கம் அது. விழக்கூடாத இலக்கம்.

போட்டவர் நஸ்லியா. வயது நாற்பத்தொன்று. அந்த நூலகத்தில் பதினொரு வருடங்களாக அமைய ஊழியர். எந்த மாதமும் ‘இனி வர வேண்டாம்’ என்று சொல்லிவிடக்கூடிய வேலை. நிரந்தர நியமனத்துக்கான அவருடைய கோவை போன வருடம்தான் நூலகத்தை நடத்தும் உள்ளூராட்சி சபை மூலம் மேலிடத்துக்குப் போயிருந்தது. ஜூனில் கடிதம் வரும் என்றார்கள்.

புதுப் புத்தகம் வந்தால் நஸ்லியா செய்வது இதுதான். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் ஒரு சீல், பதினேழாம் பக்கத்தில் ஒரு சீல், கடைசித் தாளில் ஒரு சீல். ஊதா மையில் முட்டை வடிவம், மூன்று மொழியில் நூலகத்தின் பெயர், நடுவே இலக்கத்துக்கு ஒரு கோடு, திகதிக்கு ஒரு கோடு. எவராவது முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோனாலும் பதினேழாம் பக்கம் காட்டிக்கொடுக்கும். கட்டு முழுவதற்கும் முதலில் சீல் அடிப்பார். பிறகு கட்டு முழுவதற்கும் பேனையால் இலக்கம் போடுவார். கடைசியாகத்தான் சேர்வுப் பதிவேட்டைத் திறப்பார். நூலகத்துக்குச் சொந்தமான ஒவ்வொன்றையும் இலக்க வரிசையில் எழுதிவைக்கும் பெரிய புத்தகம் அது. வருடத்துக்கு நானூறு புத்தகம் வரை இப்படிப் போகும். கை தானாக ஓடும், கண் வேறெங்காவது இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் மேசையில் கிடந்த உறவுக்காரர் வீட்டுக் கல்யாணக் கார்டுக்கும் இந்தக் கை சீல் அடித்திருக்கிறது. நஸ்லியாவின் கணவர் ஷப்ராஸ் பேராதனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்பவர். மாப்பிள்ளையைப் பதினான்கு நாளைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, பிந்தினால் தண்டப்பணம் எவ்வளவு என்று அந்தக் கல்யாண வீட்டிலேயே கேட்டுச் சிரிக்க வைத்தார்.

நூலகத்தில் ஒரு கண்காட்சி வைப்பது தலைமை நூலகர் ஜனார்த்தனனின் யோசனை. சாவகச்சேரிக்காரர், இருபது வருடமாக மலையகத்தில் வேலை, ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. ஊரின் படங்களையும் பழைய கடதாசிகளையும் வீடு வீடாக இரவல் வாங்கி, மார்ச் கடைசி வரை வாசிப்பறையில் வைப்பது என்று முடிவாயிற்று. பத்தொன்பது வீடுகள் முப்பத்துநான்கு பொருட்களைத் தந்தன. ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை ஒருவர் வரைந்த பஸார் வீதியின் நீர்வர்ணப் படங்கள் ஆறு, தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களுக்கு இலக்கம் அடித்துக் கொடுத்த பித்தளை வில்லைகள், பள்ளிவாசல் திறப்புக்கு அச்சடித்த துண்டறிக்கை ஒன்று, தோட்டப் பாடசாலையின் முதலாம் வகுப்பு வரவு இடாப்பு, வெள்ளத்தில் போன பாலத்தின் புகைப்படம்.

சேகரிக்கப் போனவர் நஸ்லியா. தோட்டங்களின் குறுக்குப் பாதைகள் அவருக்குத் தெரியும். அவருடைய வாப்பா புடவை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கலஹாப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் முப்பது வருடம் நடந்தவர். பாடசாலை விடுமுறையில் மகளும் பின்னால் போவார். இன்ன வீட்டுப் பெண்ணுக்குப் பச்சை பிடிக்கும், இன்ன வீட்டில் நாய் கடிக்கும் என்பதெல்லாம் ஒன்பது வயதிலேயே பாடம்.

சுந்தரலிங்கம் வீட்டுக்குப் போனது பெப்ரவரி 3ஆம் திகதி. ஐம்பத்தெட்டு வயது. தோட்டத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்து ஓய்ந்தவர். சனிக்கிழமை தவறாமல் நூலகத்துக்கு வந்து வாரப் பத்திரிகைகளைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதற்பக்கம் வரை வாசிப்பவர். அவருடைய லயம் மலைச்சரிவின் நடுவே இருக்கிறது. இருபத்துநான்கு வீடுகள். கடந்த நவம்பர் மழையில் லயத்துக்கு மேலே நிலம் வெடித்தது. வெடிப்புக்குள் ஒரு கை முழங்கை வரை போகும். அளந்து பார்க்க வந்த அதிகாரிகள் சிவப்புக் கொடி நட்டுவிட்டுப் போனார்கள். மழை கனத்தால் பாடசாலைக்குப் போய்ப் படுங்கள் என்றார்கள். இருபத்துநான்கு குடும்பங்களும் அன்றிலிருந்து மழையைக் காதால் அளந்துகொண்டு வாழ்கின்றன.

அவர் வீட்டில் சாமித்தட்டில், படங்களுக்குப் பின்னால், ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் ஒரு கெட்டியான தாள், ஓரம் பழுத்து, நான்காக மடித்த கோடுகளோடு. 1957இல் அவருடைய தகப்பனுக்குக் கிடைத்த பிரஜாவுரிமைப் பத்திரம். தகப்பனின் இரண்டு தம்பிமாருக்கு அது கிடைக்கவில்லை. அவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போனவர்கள், பிறகு கடிதமும் நின்றுவிட்டது. எழுபத்தேழு இனக் கலவரத்தில் சுந்தரலிங்கத்தின் தாய் இந்தத் தாளைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு மூன்று நாள் தேயிலைக்குள் ஒளிந்திருந்தார். அந்த வீட்டில் நகை கைமாறியிருக்கிறது. இந்தத் தாள் யாருடைய கைக்கும் போனதில்லை.

போட்டோப் பிரதி தருகிறேன் என்றார் சுந்தரலிங்கம். அதுவே போதும் என்றார் அவருடைய மனைவி அங்கம்மா. மூலப் பத்திரத்தை ஆட்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தியது நஸ்லியாதான். “நான் பொறுப்பு அண்ணே. என்ட கையாலயே திருப்பித் தருவேன்” என்றார். பதினொரு வருடமாகப் பத்திரிகையை மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுக்கும் பெண் சொன்னதால் சுந்தரலிங்கம் இரவல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நஸ்லியா படியிறங்கும்போது, அவர் வாசலில் நின்று தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை என்று இருந்தது. பிரதம விருந்தினருக்கு அன்றைக்கு வேறு வேலை என்று புதனுக்கு மாற்றினார்கள். செவ்வாய்க்கிழமை பிற்பகல் நஸ்லியாவின் மேசையில் இரண்டு கட்டுகள். ஒன்று, கண்டியிலிருந்து நன்கொடையாக வந்த அறுபத்துமூன்று புத்தகங்கள்; விருந்தினர் வரும்போது புத்தக இறாக்கையில் இருக்க வேண்டும். மற்றது, இரவல் பொருட்கள்; அவற்றுக்குப் பென்சிலில் துண்டு எழுதி மேலே வைத்தால் போதும். நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பு, கதிரை கொண்டுவந்தவர்களுக்கு வழி காட்டல், வாசலில் பதாகை கட்டல். யாரோ மேசையை நகர்த்தியபோது இரவல் கட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாள் நழுவிப் புத்தகக் கட்டுக்குள் போய்ச் செருகிக்கொண்டது.

சீல் அடித்தாயிற்று. இலக்கம் போட்டாயிற்று. பதிவேட்டைத் திறந்து ஒவ்வொன்றாகப் பெயர் எழுதிக்கொண்டு வந்தவர், நடுவில் நின்றார். அடுத்தது புத்தகம் இல்லை. ஒரு தாள். பின்பக்கத்தின் நடுவில் ஊதா முட்டை, அதற்குள் தன்னுடைய கையெழுத்தில் 14,382. திருப்பினார். சுந்தரலிங்கத்தின் தகப்பனுடைய பெயர்.

மை காய்ந்திருந்தது. பழைய தாள் அதை ஆழமாகக் குடித்துவிட்டது. விரலால் தேய்த்துப் பார்த்தார், அசையவில்லை. 

இரண்டாவது பிழை அப்போதுதான் நடந்தது. அந்த இலக்கத்தை விட்டுவிட்டு எழுதினால் பதிவேட்டில் ஓர் இடைவெளி விழும். வருட முடிவில் பொருட்களைச் சரிபார்க்க வரும் குழு முதலில் தேடுவது இடைவெளியைத்தான். போன தடவை காணாமற்போன ஓர் இலக்கத்துக்காக நஸ்லியா மூன்று கடிதம் எழுதியிருந்தார். ஜூனில் நியமனக் கடிதம். வெளியே ஜனார்த்தனன் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நஸ்லியா எழுதினார்: ‘உள்ளூர் வரலாறு, ஒரு தாள், நன்கொடை.’ எழுதி முடித்தபோது தாள் நூலகத்தின் சொத்தாகிவிட்டது.

பத்திரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் முகம் மேலே தெரிய வைத்தார். சீல் கீழே, பச்சை வெல்வெட்டின் மேல்.

விழா நன்றாக நடந்தது. ஒரு கிழமையில் ஆயிரத்து இருநூறு பேர் வந்தார்கள். பாடசாலைப் பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். தங்கள் வீட்டுப் பொருளைப் பார்க்கக் குடும்பத்தோடு வந்தார்கள். நஸ்லியா கவுண்டரிலிருந்து அந்த ஒரு பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது அதன்மேல் கையூன்றினால் எழுந்து நிற்பார். பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி, பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா, படம் எடுக்கலாமா என்று கேட்டாள். பெட்டியின் சாவி தன்னிடம் இல்லை என்றார் நஸ்லியா. சாவி அவருடைய கைப்பைக்குள் இருந்தது.

சனிக்கிழமைகளில் சுந்தரலிங்கம் வந்தார். முதலில் பத்திரிகையை எடுப்பதில்லை. நேரே பெட்டிக்குப் போவார், கண்ணாடியில் மூச்சுப் படியும் அளவுக்குக் குனிவார், நாலு மூலையையும் பார்ப்பார், பிறகுதான் நாற்காலி. போகும்போது இன்னொரு முறை. பதினான்காம் திகதி, இருபத்தோராம் திகதி, இருபத்தெட்டாம் திகதி. அங்கம்மா தூங்குவதில்லை என்று ஒருநாள் சொன்னார். டின்னைத் திறந்து திறந்து பார்க்கிறாளாம். நஸ்லியா சிரிக்க முயன்றார். நோன்பு மாதம் பிறந்திருந்தது. பகலில் பசி தெரியவில்லை. அதிகாலையில் சாப்பாடும் இறங்கவில்லை.

மார்ச் 10ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை மதியம், சுந்தரலிங்கம் ஓடாத குறையாக வந்தார். கையில் ஒரு கடிதம். வெடிப்பு விழுந்த லயத்தின் குடும்பங்களுக்கு வேறிடத்தில் பத்துப் பேர்ச் காணி கொடுக்கப் பட்டியல் எடுக்கிறார்கள். வியாழக்கிழமை தோட்டப் பாடசாலையில் அரச அதிகாரிகளின் நடமாடும் சேவை. மூலப் பத்திரங்களுடன் வரவும், பிரதிகள் ஏற்கப்படமாட்டா என்று கடிதத்தில் இருந்தது. அந்தக் குடும்பத்தில் இலங்கையர் என்பதற்கு ஆதி ஆதாரம் என்று காட்ட இருப்பது அந்த ஒரு தாள். பட்டியலில் பெயர் ஏறாவிட்டால், சிவப்புக் கொடிக்குக் கீழேயே இருக்க வேண்டியதுதான்.

தலைமை நூலகர் வெளியே போயிருக்கிறார், கையெழுத்து வாங்கி நாளைக்குத் தருகிறேன் என்று நஸ்லியா சொன்னார். ஜனார்த்தனன் உள்ளறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை, கழித்துப்போட்ட ஒரு புத்தகத்தின் கடைசித் தாளை நஸ்லியா வீட்டுக்கு எடுத்துப் போனார். அதே சீல், அதே மை. நோன்பு திறந்து, கஞ்சிக் கோப்பைகளைக் கழுவிய பிறகு கணவரிடம் முழுவதையும் சொன்னார். ஷப்ராஸ் பகிடி விடவில்லை. “அது பின்னுக்குத்தானே ஈக்கி. ஆரு பொரட்டிப் பார்க்கப் போற?” என்றார்.

“ஓபிஸ்ல பொரட்டாம ஒரு கடதாசியும் பார்க்க மாட்டாங்க. நானே பொரட்டித்தான் பார்க்குற.”

கடையிலிருந்து கொண்டுவந்த வெளுப்புத் திரவத்தில் ஷப்ராஸ் பஞ்சை நனைத்துக் கொடுத்தார். நஸ்லியா கழித்த தாளின் சீலை ஒற்றினார். ஊதா இளஞ்சிவப்பாயிற்று, பிறகு மஞ்சள். இன்னொரு தடவை ஒற்றினார். தாள் பஞ்சாகப் பொங்கி, விரல் மறுபக்கம் வந்தது. அந்த ஓட்டைக்குள் தன் விரல் நுனியைப் பார்த்தபடி நின்றார். பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையை மூன்று தரம் கழுவினார்.

புதன்கிழமை காலை நூலகம் திறக்குமுன் ஜனார்த்தனனிடம் போனார். பதிவேட்டைத் திறந்து மேசையில் வைத்து, அந்த வரியைக் காட்டினார். ஜனார்த்தனன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

“இலக்கம் போட்ட நாளில இருந்து அது சபையின்ர சொத்து, நஸ்லியா. ஒரு கிழிஞ்ச புத்தகத்தை வெளியில போடவே மூண்டு பேர் கையெழுத்து வைக்கவேணும். இதை எடுத்துக்கொண்டு போம் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?”

குழு எப்போது கூடும் என்று நஸ்லியா கேட்டார். ஏப்ரல் முடிவில் என்றார் அவர். பட்டியல் நாளைக்கு என்றார் நஸ்லியா.  ஜனார்த்தனனின் ஓய்வூதியக் கடதாசிகளும் அந்த வருடம்தான் மேலே போக வேண்டும். கணக்காய்வில் ஒரு கேள்வி எழுந்தால் அது அப்படியே நின்றுவிடும்.  

“நான் வெட்டுறேன் சேர்,” என்றார் நஸ்லியா. “என்ட பேரைப் போட்டே வெட்டுறேன்.”

“வெட்டினால் அந்தக் கோடு உம்மட தலையிலதான். நான் தடுக்கயில்லை. கையெழுத்தும் வைக்கமாட்டன்.”

அவர் எழுந்து தேநீர்க்கடைக்குப் போனார். வழக்கமாகப் போகாத நேரம்.

நஸ்லியா சிவப்புப் பேனையை எடுத்தார். அந்தப் பதிவேடு 1971இல் தொடங்கியது. அதில் ஒரு வரியும் அதுவரை வெட்டப்பட்டதில்லை. அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தார். பக்கத்தில் எழுதினார்: ‘இரவல் பொருள். தவறுதலாகப் பதியப்பட்டது. தவறு என்னுடையது.’ கையெழுத்து, திகதி. பக்கத்தைப் பிரதி எடுத்தார். நடந்ததை விளக்கி ஒரு கடிதமும் எழுதினார். இரண்டாவது தாளில்தான் சரியாக வந்தது.

பிற்பகல் சுந்தரலிங்கம் வந்தபோது கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்து, முகத்தைக் காட்டாமல் பின்பக்கத்தைத்தான் முதலில் காட்டினார். சுந்தரலிங்கம் வாசித்தார். மூன்று மொழியிலும் வாசித்தார்.

“எங்கப்பா பேருக்குப் பின்னாடி லைப்ரரி பேரா,” என்றார் மெதுவாக. பிறகு, “மிஸ், நாளைக்கு இதப் பாத்து, எங்கிருந்துடா எடுத்தேன்னு கேட்டா நான் என்னா சொல்றது?”

“நீங்க ஒண்டும் செல்ல வேணாம் அண்ணே. நான் வாறேன். நான் வந்து செல்றேன்.”

சுந்தரலிங்கம் தாளைப் பழைய மடிப்புக் கோடுகளில் மடித்தார். சட்டைக்குள் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டு வெளியே போனார். அன்று பத்திரிகை வாசிக்கவில்லை.

வியாழக்கிழமை மழை. நஸ்லியா விடுமுறை எழுதிவைத்துவிட்டு முதல் பஸ்ஸில் தோட்டத்துக்குப் போனார். பாடசாலை மண்டபத்தில் இருபத்துநான்கு குடும்பங்கள், ஒவ்வொன்றின் மடியிலும் ஒரு டின் அல்லது ஓர் உறை. கூரைத் தகரத்தில் மழை கூடும்போதெல்லாம் பேச்சு நின்றது. எல்லோரும் யன்னல் வழியே மலையைப் பார்த்தார்கள். குறையும்போது பேச்சு திரும்ப வந்தது.

அங்கம்மா நஸ்லியாவைத் தூரத்திலேயே கண்டுவிட்டார். “வாங்க மிஸ், வாங்க. அடுத்த சீலு எங்க அடிக்கப்போறீங்க, எங்க நெத்தியிலயா?” வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நஸ்லியா தலையைக் குனிந்தார். ஆனால் சிறிது நேரத்தில் அங்கம்மாவே வாங்கில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நோன்பா என்று கேட்டார். ஆமென்றதும், அப்படியானால் உட்காருங்கள் என்று மட்டும் சொன்னார்.

பத்தொன்பதாவதாகச் சுந்தரலிங்கத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். மேசையில் இருந்தவர் முப்பத்தைந்து வயதுள்ள சிங்களப் பெண் அதிகாரி. பத்திரத்தின் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அடையாள அட்டையோடு ஒப்பிட்டார். பேனையை எடுத்தார். பிறகு, எழுதுமுன், திருப்பினார்.

பேனை மேசைக்கு இறங்கியது. இது நூலகத்தின் சொத்தாயிற்றே, உங்களிடம் எப்படி வந்தது என்று சிங்களத்தில் கேட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. பழைய பத்திரங்களை வேறு குடும்பங்கள் வாங்கிக் காட்டுவதாக அவருக்குச் சுற்றறிக்கை வந்திருந்தது. இன்னாருடைய மகன் நீங்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அடுத்த கேள்வி.   சுந்தரலிங்கம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தகப்பனின் தாள் தகப்பனுடையது என்று நிரூபிக்கச் சொன்னால் ஒரு மனிதர் எங்கிருந்து தொடங்குவது?

நஸ்லியா முன்னால் வந்தார். இரவல் படிவத்தின் அடிக்கட்டை, வெட்டிய பக்கத்தின் பிரதி, தன் கடிதம், மூன்றையும் வரிசையாக வைத்தார். சீல் அடித்தது நான், இலக்கம் போட்டது நான், பதிந்ததும் நான் என்று சிங்களத்தில் சொன்னார். அதிகாரி எல்லாவற்றையும் வாசித்தார். நீங்கள் நிரந்தர ஊழியரா என்று கேட்டார். இல்லை. நூலகரின் கையெழுத்து எங்கே? இல்லை.

அப்படியானால் இது வெறும் கடதாசி என்றார் அதிகாரி.

அவர் தொலைபேசியை எடுத்து நூலகத்தின் இலக்கத்தைக் கேட்டார். நஸ்லியா சொன்னார். சொல்லும்போதே, எடுக்காவிட்டால் நல்லதா, எடுத்தால் நல்லதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஜனார்த்தனன் எடுத்தார். அதிகாரி ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தார். சீலிலிருந்த இலக்கத்தைச் சொல்லி, இது யாருடையது என்று கேட்டார்.  மழை மட்டும் கேட்டது, இங்கேயா அங்கேயா என்று பிரித்தறிய முடியாமல். அங்கம்மா நஸ்லியாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்பது இருவருக்கும் நினைவில்லை.

பிறகு ஜனார்த்தனன் தன் நிதானமான, பள்ளிக்கூடச் சிங்களத்தில் பேசினார். பத்திரம் சுந்தரலிங்கத்தின் குடும்பத்துடையது. இரவலாக வந்தது. பிழை நூலகத்தின் பிழை. தலைமை நூலகர் என்ற முறையில் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம். பெயரை எழுத்துக் கூட்டியும் சொன்னார்.

அதிகாரி எழுதிக்கொண்டார். பத்திரத்தின் பின்பக்கத்தில், சீலுக்குக் கீழே, ‘நூலகத்துடன் உறுதிப்படுத்தப்பட்டது’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் திகதியும் போட்டார். பட்டியலில் பத்தொன்பதாவது வரியில் சுந்தரலிங்கத்தின் பெயரை ஏற்றினார். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே வராந்தாவில் அங்கம்மா தாளைக் கணவரின் கையிலிருந்து வாங்கி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். “இனிமே இத யாரு கேட்டாலும் என்னையத்தான் கேக்கணும்,” என்றார் பொதுவாக. சுந்தரலிங்கம் நஸ்லியாவைப் பஸ் நிற்கும் இடம் வரை குடை பிடித்துக் கூட்டிப்போனார். பத்து நிமிட நடை.  பஸ் வந்தபோது, சனிக்கிழமை வருகிறேன் என்றார்.

செய்தி அவர்களுக்கு முன்னால் பட்டணத்துக்கு வந்துவிட்டது. வெள்ளி, சனி இரண்டு நாளிலும் ஏழு வீட்டார் தங்கள் பொருட்களைத் திருப்பிக் கேட்டு வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. வாங்கியவுடன் ஒவ்வொருவரும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். பித்தளை வில்லை தந்தவரும் திருப்பிப் பார்த்தார். சித்திர ஆசிரியை மட்டும் படங்களை எடுக்கவில்லை. தனக்குச் சீல் அடித்தால் பெருமைதான் என்றார். கண்காட்சியை இரண்டு கிழமை முன்னதாக மூடினார்கள்.

மார்ச் 17ஆம் திகதி நஸ்லியாவுக்குச் சபையிலிருந்து கடிதம் வந்தது. தனியார் ஆவணமொன்றை அரச பதிவேட்டில் பதிந்தமை, அனுமதியின்றிப் பதிவேட்டைத் திருத்தியமை, அனுமதியின்றி வேறொரு அரச அலுவலகத்தில் சாட்சியம் அளித்தமை என்று மூன்று குற்றச்சாட்டுகள். விசாரணை முடியும்வரை கவுண்டரிலும் பதிவேட்டிலும் கைவைக்கக்கூடாது. ஜனார்த்தனனிடமும் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அவர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார் என்று கேள்வி, யாரிடமும் காட்டவில்லை.

இப்போது நஸ்லியா பின்னறையில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை ஒட்டுகிறார். மழை பெய்தால் எழுந்து யன்னலுக்குப் போகிறார். அங்கிருந்து அந்தத் தோட்டம் தெரியாது, இருந்தாலும் போகிறார். காணி அளப்பதற்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. இருபத்துநான்கு குடும்பங்களும் அதே லயத்தில்தான் இருக்கின்றன.

விசாரணை ஏப்ரல் 28, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரைக்கு, சபையின் மேல்மாடியில்.